21 இலக்க எண்ணை உடைக்க எதை நம்பலாம்: பாரி ஜிபி மென்பொருள் மதிப்புரை

147573952589676412927 என்ற எண்ணை எக்செல்லில் ஒரு கட்டத்தில் தட்டி என்டர் அடியுங்கள். 147573952589676000000 ஆகிவிடும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஒற்றைப்படையாக இருந்த எண் இப்போது இரட்டைப்படை. பத்து லட்சத்தால் மீதியில்லாமல் வகுபடுகிறது. இரண்டே இரண்டு பகாக் காரணிகள் கொண்ட எண்ணாக இருந்தது, அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரிய முழு எண்ணைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் எந்தக் கருவியும் இந்த வேலைக்கு ஆகாது. கடைசி இலக்கம் மாறினால் அது வேறு எண்.

இலக்கம் ஒன்றுகூடக் குறையாமல் வைத்துக்கொண்டு, அது பகா எண்ணா, எப்படி உடைகிறது, எத்தனை காரணிகள் என்றெல்லாம் சொல்ல இலவசமாகக் கிடைப்பவற்றில் எங்கள் முதல் தேர்வு பாரி ஜிபி (கீழே சுருக்கமாக ஜிபி). பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கோஹென் குழுவினர் தொடங்கியது. இப்போது கரீம் பெலபாஸ் தலைமையில் பராமரிக்கப்படுகிறது. பெயரைக் கேட்டதும் முல்லைக்குத் தேர் தந்த பாரிதான் நமக்கு நினைவுக்கு வருவார், ஆனால் தொடர்பில்லை. முதலில் பாஸ்கல் கணினி மொழியில் எழுதத் தொடங்கியதால் 'பாஸ்கல் அரித்மெட்டிக்' என்பதன் சுருக்கம். பிரெஞ்சில் 'பாரி' என்றால் பந்தயம், ஆகவே 'பாஸ்கலின் பந்தயம்' என்ற சிலேடையும் உண்டு. அந்தப் பந்தயம் கீழே ஒரு இடத்தில் உண்மையாகவே பொருந்தும்.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் 'பாரி-ஜிபி' என்ற தொகுப்பை நிறுவினால் போதும். விண்டோஸுக்கு அதன் தளத்திலேயே நிறுவி கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு 'பாரிட்ராய்டு' செயலி உண்டு. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கும் வசதியும் தளத்தில் இருக்கிறது; பழகுவதற்கு அது போதும், கனமான எண்ணுக்கு நிறுவிய பதிப்புதான் சரி. கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில், நடுவே இடம் விடாமல் தட்ட வேண்டும். 'மாட்' ஒன்றுக்கு மட்டும் முதல் எழுத்து பெரியது.

முதலில் # குறியைத் தட்டி என்டர் அடியுங்கள். அதன்பின் ஒவ்வொரு விடைக்கும் பிடித்த நேரத்தை அதுவே சொல்லும். அடுத்து ஃபேக்டர்(2^67-1). (^ அடுக்குக் குறி; 2^67 என்றால் 67 இரண்டுகளின் பெருக்கம்.) நாம் எக்செல்லில் கெடுத்த அதே எண்தான். என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் இரண்டு வரி வருகிறது:

[193707721 1]
[761838257287 1]

இடப்பக்கம் பகா எண், வலப்பக்கம் அதன் அடுக்கு. 2^67-1 பகா எண் என்று மெர்சென் 1644-இல் எழுதினார். அது பகா எண் அல்ல என்று 1876-இல் லூக்கா நிறுவினார், ஆனால் காரணியைக் காட்ட முடியவில்லை. காரணிகளை 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் கொடுத்தார். விடையைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி: 2^67-1 இன் எந்தப் பகாக் காரணியிலிருந்தும் 1-ஐக் கழித்தால் 134-ஆல் வகுபட வேண்டும். 193707720-ஐ 134-ஆல் வகுத்தால் 1445580, மீதியில்லை.

காரணி தெரியாமலே ஒரு எண் பகா எண் அல்ல என்று எப்படிச் சொல்வது? ஃபெர்மா சோதனை. 3-ஐ (எண் - 1) அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி பாருங்கள். மீதி 1 இல்லையென்றால் பகா எண் அல்ல, வழக்கு முடிந்தது. புதிதாக வருபவர்கள் இங்கே இரண்டு இடத்தில் இடறுகிறார்கள். ஒன்று, 3^(n-1)%n என்று அப்படியே எழுதுவது (n நம் எண், % மீதிக்கான குறி). அப்படி எழுதினால் ஜிபி முதலில் அந்த அடுக்கை முழுசாகக் கணக்கிடப் பார்க்கும். 21 இலக்க அடுக்கு; உலகத்து நினைவகம் எல்லாம் சேர்ந்தாலும் அதைத் தாங்காது. மாட்(3,n)^(n-1) என்று எழுதினால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும், கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். மற்றது, அடிமானம் 2-ஐ எடுப்பது. 2^67-1 என்ற எண்ணுக்கு 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி எப்போதும் 1 தான் வரும். காரணம் எளிது: அந்த எண்ணால் வகுத்தால் 2^67 இன் மீதி 1, (எண் - 1) ஆகிய 2^67-2 என்பது 67 இன் மடங்கு, எனவே அடுக்கு முழுக்க ஒன்றாகச் சுருங்கிவிடும். பகா எண்ணை அடுக்காகக் கொண்ட எல்லா மெர்சென் எண்ணுக்கும் (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்) இதே நிலைதான். 2 தேறிவிட்டது என்று எழுதி வைத்துக்கொண்டு போகாதீர்கள். 3-ஐப் போடுங்கள்.

பகா எண்ணா என்ற கேள்விக்கு ஜிபியில் இரண்டு கட்டளைகள் உண்டு. இவற்றின் வித்தியாசம் தெரியாமல் இந்த மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது. 'இஸ்சூடோபிரைம்' என்பது வேகமான சோதனை. பெய்லி, பொமரன்ஸ், செல்ஃப்ரிஜ், வாக்ஸ்டாஃப் நால்வர் பெயரால் அறியப்படும் முறை. 0 சொன்னால் அது பகு எண், சந்தேகமே வேண்டாம். 1 சொன்னால்? எண் 2^64-க்குக் கீழே இருந்தால் அதுவும் உறுதி, ஏனென்றால் அந்த எல்லைவரை இந்த முறை ஒரு எண்ணிலும் தவறவில்லை என்று முழுசாகச் சரிபார்த்துவிட்டார்கள். அதற்கு மேலே போனால் 1 என்பது மிக நல்ல பந்தயம், அவ்வளவுதான். இதுவரை இது தோற்றதாக ஒரு எண்கூட யாரிடமும் இல்லை. தோற்காது என்ற நிரூபணமும் இல்லை.

'இஸ்பிரைம்' அப்படியல்ல. அதே வேகச் சோதனையை முதலில் செய்துவிட்டு, தேறினால் உண்மையான நிரூபணத்துக்குப் போகும். 2^127-1 என்ற 39 இலக்க எண்ணுக்கு (இதுவும் லூக்காவின் 1876 விடைதான்) இரண்டு கட்டளைக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியாது. 10^999+7 கொடுத்துப் பாருங்கள். 1000 இலக்கம் கொண்ட பகா எண்களில் மிகச் சிறியது இது. இஸ்சூடோபிரைம் உடனே 1 என்கிறது. இஸ்பிரைமுக்கு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு இது இந்த மென்பொருளின் மிகப் பெரிய நேர்மையாகப் படுகிறது. நிரூபணம் வேண்டுமானால் காத்திரு, வேண்டாமென்றால் வேறு கட்டளை இருக்கிறது என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். 'பிரைம்செர்ட்' கட்டளை நிரூபணத்தைச் சான்றிதழாகவே எடுத்துத் தரும், அதை இன்னொருவர் தனியே சரிபார்க்கலாம்.

ஆனால் இதே நேர்மை 'ஃபேக்டர்' கட்டளையில் இயல்பாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேக்டர் தரும் பட்டியலில் 2^64-ஐத் தாண்டிய காரணிகள் வேகச் சோதனையில் தேறியவை மட்டுமே. 'நெக்ஸ்ட்பிரைம்' தருவதும் அப்படித்தான். கையேட்டில் எழுதியிருக்கிறார்கள், திரையில் ஒரு வார்த்தை வராது. கட்டுரைக்கோ ஆய்வேட்டுக்கோ விடையை எடுப்பதாக இருந்தால் 'ஃபேக்டர்_புரூவன்' என்ற அமைப்பை 1 ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். அதன்பின் ஒவ்வொரு காரணியையும் நிரூபித்தே தரும்.

எவ்வளவு பெரிய எண்ணை உடைக்கும் என்பது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இலக்கத்தை எண்ணிப் பதில் சொல்ல முடியாது. நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது பெரிய பகாக் காரணியின் நீளம். அதுவரை கண்டுபிடித்துவிட்டால் மிச்சமிருப்பது தானாகவே பகா எண்ணாக நிற்கும். ஃபெர்மா எண்களை (2^64+1, 2^128+1 என்று அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும் எண்கள்) வரிசையாகப் போட்டுப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

2^64+1: 274177 × 67280421310721. உடனே. (1880-இல் லாந்திரி கண்டது.) 2^128+1, 39 இலக்கம்: 59649589127497217 × 5704689200685129054721. இதுவும் உடனே. மாரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970-இல் தொடர் பின்ன முறையால் உடைத்த எண். 2^256+1 க்கு 78 இலக்கம், ஆனால் சிறிய காரணி 1238926361552897, வெறும் 16 இலக்கம். சிறிய காரணிகளைத் தேடிப் பிடிக்கும் ஜிபியின் நீள்வட்ட வளைவு முறை அதைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறது. இதே 78 இலக்கத்தில் 39 இலக்கப் பகா எண் இரண்டைப் பெருக்கிக் கொடுத்துப் பாருங்கள். வளைவு முறையில் பிடி கிடைக்காமல் இருபடிச் சல்லடை என்ற வேறு முறைக்குப் போகும், காத்திருப்பு கூடிவிடும். இலக்கம் ஒன்றே, உழைப்பு வேறு.

வரலாற்றிலும் இப்படித்தான் நடந்தது. 617 இலக்கம் கொண்ட 2^2048+1 முழுசாக உடைந்தது 1988-இல், பிரெண்ட் கையால். 155 இலக்கமே கொண்ட 2^512+1 உடைந்தது 1990-இல், அதுவும் எண் புலச் சல்லடை என்ற புதிய முறை வந்த பிறகு. முன்னதில் இரண்டாவது பெரிய காரணிக்கு 22 இலக்கம், பின்னதில் 49 இலக்கம்.

ஆகவே அறிமுகமில்லாத பெரிய எண்ணைக் கையில் எடுத்ததும் நேராக ஃபேக்டர் போட்டுவிட்டு உட்காராதீர்கள். இரண்டாவது உள்ளீடாக ஒரு எல்லை கொடுங்கள்: ஃபேக்டர்(2^2048+1, 400000). எல்லைக்கு உட்பட்ட சிறிய காரணிகளை மட்டும் எடுத்துவிட்டு உடனே திரும்பி வரும். இதில் 319489 கிடைக்கும், இரண்டாவது வரியில் 612 இலக்கத்தில் ஒரு எண் நிற்கும். அந்த இரண்டாவது வரியைப் பகா எண் என்று எடுத்துக்கொள்வது மிகவும் பரவலான தவறு. அது பகு எண். உள்ளே 974849 இன்னும் இருக்கிறது. எல்லை கொடுத்த விடையில் கடைசி வரியை இஸ்சூடோபிரைமில் ஒருமுறை போட்டுப் பார்த்தே தீர வேண்டும். இதைத் திரையில் வேறு நிறத்திலாவது காட்டியிருக்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எதுவுமே சொல்லாது என்பது இன்னொரு குறை. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் அதுவரை கண்ட காரணிகளும் உங்கள் கைக்கு வராது. பின்சாய்கோட்டுடன் 'ஜி4' தட்டிவிட்டுத் தொடங்கினால் எந்த முறையில் எங்கே நிற்கிறது என்று வரி வரியாகக் காட்டும். நீண்ட வேலைக்கு இதைப் போட்டு வைப்பது நல்லது.

காரணிகளின் (இங்கே பகா எண்கள் மட்டுமல்ல, மீதியில்லாமல் வகுக்கும் எல்லா எண்களும்) எண்ணிக்கைக்கு 'நம்டிவ்', கூட்டுத்தொகைக்கு 'சிக்மா', ஆய்லரின் ஃபை மதிப்புக்கு (அந்த எண்ணுடன் 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது) 'ஆய்லர்ஃபை'. மூன்றும் முதலில் எண்ணை உடைத்துவிட்டுத்தான் விடை தரும். உடைக்க முடியாத எண்ணுக்கு இவையும் வராது. நம்டிவ்(100!) கொடுத்தால் (100! என்பது 1 முதல் 100 வரையுள்ள எண்களின் பெருக்கம்) 39001250856960000 என்று உடனே வருகிறது. சரிபார்க்க வேண்டுமா? 100! இல் 2 இன் அடுக்கு 50+25+12+6+3+1, அதாவது 97. 5 இன் அடுக்கு 24, கடைசியில் 24 பூஜ்யம் வருவதும் அதனால்தான். இப்படி ஒவ்வொரு அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் அதே விடை. ஆனால் பெயர் ஒத்திருக்கிறதே என்று 'டிவைசர்ஸ்'(100!) போட்டுவிட்டால், அத்தனை காரணிகளையும் பட்டியலாக எழுதப் புறப்படும். 39 ஆயிரம் லட்சம் கோடிக்குச் சற்று மேல்... இல்லை, அந்தக் கணக்கே வேண்டாம், எண்ணிக்கையே 17 இலக்கத்தில் வரும் பட்டியல் எந்தக் கணினியிலும் அடங்காது. எண்ணிக்கை வேண்டுமா பட்டியல் வேண்டுமா என்று தெளிவாக இருங்கள்.

நம்டிவ் கட்டளையின் அருமை தெரிய இராமானுஜனின் 1915 ஆய்வுக்கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை அவர் 6746328388800 வரை கையாலேயே பட்டியலிட்டார். அந்தப் பட்டியலில் 293318625600 விடுபட்டுப் போயிற்று. ஜிபியில் போட்டால் 2^6·3^4·5^2·7^2·11·13·17·19; காரணிகள் 7×5×3×3×16 = 5040. இதற்கு முந்தைய அத்தகைய எண் 240940299600, அதற்கு 4800. அடுத்தது 321253732800, அதற்கு 5376. இரண்டுக்கும் நடுவே இது இருந்தே ஆக வேண்டும். விடுபட்ட இந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது 6746328388800, அதே பட்டியலின் கடைசி எண், 10080 காரணிகள். இவ்வளவு பெரிய பட்டியலைக் கணினியில்லாமல் போட்டு ஒன்றே ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார் என்பதை ஜிபியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும்போதுதான் அந்த உழைப்பின் கனம் புரிகிறது.

இதை நீங்களே தேட நினைத்தால் 1-இலிருந்து வரிசையாகச் சுழல் போடாதீர்கள். வினாடிக்குப் பத்து லட்சம் எண் வீதம் போனாலும் 293318625600-ஐ எட்ட 81 மணி நேரம் ஆகும். இத்தகைய எண்ணில் 2, 3, 5, 7 என்ற வரிசையில் அடுக்குகள் ஏறவே ஏறாது. சமமாக நிற்கும் அல்லது இறங்கும். அந்த வடிவில் உள்ள எண்களை மட்டும் உண்டாக்கி, ஏறுவரிசையில் அடுக்கி, நம்டிவ் புதிய உச்சம் தொடும்போதெல்லாம் குறித்துக்கொண்டால் வினாடிகளில் முடியும்.

நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. தொடங்கும்போது 80 லட்சம் பைட்தான் ஒதுக்கிக்கொள்கிறது. பெரிய வேலையில் நினைவக அடுக்கு (ஸ்டாக்) நிரம்பிவிட்டது என்ற பிழைச்செய்தி வருவது சகஜம். எண்ணில் கோளாறு இல்லை. வீட்டு அடைவில் '.ஜிபிஆர்சி' கோப்பில் (விண்டோஸில் 'ஜிபிஆர்சி.டிஎக்ஸ்டி') 'பாரிசைஸ்மேக்ஸ் = 1ஜி' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தொல்லை தீரும்.

உள்ளீட்டில் கவனிக்க வேண்டியவை: எண்ணுக்கு நடுவே காற்புள்ளி கூடாது. 10^20 என்று எழுதுங்கள். அறிவியல் வடிவில் எழுதினால் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். 10/4 என்றால் 5/2 என்று பின்னமாகவே தரும். ஈவு வேண்டுமானால் பின்சாய்கோடு, மீதிக்கு % குறி. லட்சக்கணக்கான இலக்கம் வரும் கணக்கின் முடிவில் அரைப்புள்ளி போட மறந்தால் அத்தனையும் திரையில் கொட்டும்.

மாற்றுகள்? லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் 'ஃபேக்டர்' கட்டளை (ஜிபியின் ஃபேக்டர் அல்ல) பொல்லார்ட் ரோ என்ற காரணி தேடும் முறையை நம்பியது. சிறிய காரணி இருக்கும் எண்ணுக்கு நன்றாக இருக்கும், இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தில் நின்றுவிடும். பைத்தான் வசதியானதுதான், ஆனால் 3.11 பதிப்பிலிருந்து 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை அச்சிடச் சொன்னால் பிழை காட்டும், அந்த வரம்பை நாம்தான் தளர்த்த வேண்டும். சேஜ் என்ற இலவசக் கணித மென்பொருள் மிகவும் வளமானது. ஆனால் முழு எண்களை உடைக்க அதுவும் உள்ளே பாரியைத்தான் அழைக்கிறது. இதற்காக மட்டும் அவ்வளவு பெரிய தொகுப்பை இறக்க வேண்டியதில்லை.

100 இலக்கத்தைத் தாண்டி, சிறிய காரணியும் இல்லாத எண் என்றால் ஜிபியை விட்டுவிடுங்கள். காடோ-என்எஃப்எஸ் என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே எழுதப்பட்டது. உடைத்துக் காட்டச் சொல்லிச் சவாலாக வெளியிடப்பட்ட, 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250 எண் 2020-இல் உடைந்தது அதைக் கொண்டுதான். வேறெங்கோ கிடைத்த காரணியை ஜிபிக்குச் சொல்லித் தரவும் வழி இருக்கிறது, அதன் பெயர் 'ஆட்பிரைம்ஸ்'. ஃபேக்டர்(2^512+1) என்று வெறுமனே கொடுத்தால் 2424833-ஐப் பிரித்த பின் மிஞ்சும் 148 இலக்கத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வராது. 7455602825647884208337395736200454918783366342657 என்ற 49 இலக்க எண்ணை ஆட்பிரைம்ஸில் ஒருமுறை சேர்த்துவிட்டு அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். மூன்று வரியும் உடனே வந்துவிடும். கடைசி வரியில் நிற்பது 99 இலக்கப் பகா எண்.